பழைய சாவிக்குப் புதிய பூட்டு

"காரில் சாவி நுழைகிறது, ஆனால் திரும்பவே மாட்டேன் என்கிறது. இக்னிஷன் பூட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் கதவுக்கு ஒரு சாவி, இன்ஜினுக்கு ஒரு சாவி என்று இரண்டைச் சுமக்க வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

வேண்டியதில்லை. ஆனால் முதலில் கெட்டுப்போனது பூட்டுதானா என்று பார்த்துவிடலாம். சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்த ஒரு தாழ் இருக்கிறது. சக்கரம் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றால் அந்தத் தாழ் இறுகி, சாவியைத் திரும்ப விடாது. ஸ்டீயரிங்கை லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். திரும்பிவிட்டால் செலவு மிச்சம். சாவி நன்றாகத் திரும்பியும் வண்டியில் எந்த அசைவும் இல்லையென்றால், பேட்டரியையும் பூட்டின் பின்னால் உள்ள மின் சுவிட்சையும் பார்க்க வேண்டும். அது வேறு வேலை.

இரண்டும் இல்லையா? அப்படியென்றால் தகடுகள்தான்.

பூட்டு என்பது ஒரு கூடும், அதற்குள் சுழலும் ஓர் உருளையும். உருளையில் வரிசையாகக் குறுகிய பிளவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு, அதைத் தள்ளிக்கொண்டிருக்க ஒரு சின்ன ஸ்பிரிங். தகட்டின் நடுவே செவ்வகமாக ஓர் ஓட்டை. சாவி இந்த ஓட்டைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. சாவி இல்லாதபோது தகட்டின் முனை உருளைக்கு வெளியே நீண்டு, கூட்டிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். உருளை அசையாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தகடுகள் எல்லாம் ஒரே உயரம். ஓட்டை இருக்கும் இடம் மட்டும் தகட்டுக்குத் தகடு கொஞ்சம் மாறும். சாவியில் உள்ள வெட்டு, தகட்டைக் குறைவாக நகர்த்தினால் ஒரு முனை வெளியே நீட்டும். அதிகமாக நகர்த்தினால் எதிர்முனை நீட்டும். சரியாக நகர்த்தினால்தான் இரண்டு முனையும் உள்ளே அடங்கும். எல்லாத் தகடுகளும் ஒரே நேரத்தில் அடங்கினால் உருளை சுழலும். எட்டுத் தகடு, ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்க நான்கு இடம் என்று வைத்தால், கணக்குப்படி 65,536 விதமான சாவிகள்!

தேய்மானமும் இங்கேதான். பூட்டின் வாயருகே உள்ள முதல் தகட்டை, உள்ளே போகும் சாவியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் உரசிவிட்டுத்தான் செல்கிறது. திரும்பி வரும்போதும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் தகடும் தேயும், சாவியும் தேயும். சாவியில் கனமான கொத்தைத் தொங்கவிட்டால் ஓடும்போது ஏற்படும் குலுக்கல் வேறு. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது இதற்கு நெருங்கிய விஷயத்துக்காக: இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு போதாமல், சாவி தானாக நழுவி, ஓடும் வண்டியின் இன்ஜின் நின்றுபோனது.

சரி, பூட்டை எப்படிக் கழற்றுவது? பல வண்டிகளில் சாவியை ஒரு நிலைக்குத் திருப்பி, சிறு துளைக்குள் இருக்கும் பிடிப்பூசியை அழுத்தினால் உருளை வெளியே வந்துவிடும். சாவியே திரும்பவில்லை என்பதுதானே சிக்கல்? அதனால் சாவிக்காரர் மெல்லிய கம்பிகளால் தகடுகளை நெம்பிச் சுழற்றிப் பார்ப்பார். முடியாவிட்டால் துளையிட்டு எடுப்பார்.

அப்புறம் புதிய உருளையில், உங்கள் சாவியின் வெட்டுகளுக்கு ஏற்ற தகடுகளைப் பொறுக்கிப் போட்டால் பழைய சாவியே போதும். பூட்டைச் சாவிக்கு ஏற்றபடி அமைக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒன்றிரண்டு தகடுகளை மாற்றினால் தீரும் பழுதுக்குக்கூட முழுப் பூட்டையும் வாங்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் பீய்ச்சுவதிலும்தான், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த கிராஃபைட் தூள் நல்லது.

சிப் வைத்த சாவியா? அந்தச் சிப்புக்கு பேட்டரி கிடையாது. பூட்டின் வாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு, தன் குறியீட்டைக் காருக்குச் சொல்லும்; அது பொருந்தினால்தான் இன்ஜின் ஓடும். சுருள் உருளைக்கு வெளியே இருப்பதால், சாவி பழையதாக இருக்கும்வரை உருளை மாறியது காருக்குத் தெரியாது. புதிய சாவி என்றால் காரில் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

தேய்ந்த சாவியை அப்படியே நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். கார் வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவி பீரோவில் எங்காவது கிடக்கும். சாவிக்காரரிடம் அதை எடுத்துக் கொடுங்கள்.