கால்நடை மருத்துவர்கள் எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்க வேண்டும்?

சட்டமன்றத்தில் கால்நடை பராமரிப்புத் துறையின் மானியக் கோரிக்கை (துறையின் ஆண்டுச் செலவுக்குச் சபையிடம் ஒப்புதல் கேட்பது) விவாதத்துக்கு வரும் நாளில், உறுப்பினர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். எங்கள் தொகுதிக்கு ஒரு கால்நடை மருந்தகம் வேண்டும், இல்லையென்றால் இருக்கிற கிளை நிலையத்தை மருந்தகமாகத் தரம் உயர்த்த வேண்டும். நியாயமான கோரிக்கை. ஆனால் ஊருக்குள் மாட்டுக்கு யார் ஊசி போடலாம், எந்த அளவு வரை போடலாம், யார் மேற்பார்வையில் போடலாம் என்பதிலும் மாநில அரசுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பேசச் சொல்லி நம் தொழிலில் இருப்பவர்கள் போய்க் கேட்பதும் குறைவு.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 15-ஆவது இனமாகக் கால்நடைப் பாதுகாப்பு, நோய்த் தடுப்பு, கால்நடை மருத்துவக் கல்வி, தொழில் எல்லாம் வருகின்றன. அப்படியானால் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தை நாடாளுமன்றம் எப்படி இயற்றியது? அரியானா, பீகார், ஒடிசா, இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதால், அரசியலமைப்பின் 252-ஆவது பிரிவின்படி இயற்றியது. மற்ற மாநிலங்கள் பிறகு தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்டால் அங்கேயும் பொருந்தும். இந்தச் சட்டத்தின் வேரே மாநிலச் சட்டமன்றங்களில்தான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவை ஒவ்வொரு கால்நடை மருத்துவரும் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். பதிவுபெற்ற மருத்துவர் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவம் செய்யக் கூடாது, சான்றிதழில் கையெழுத்திடக் கூடாது என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: டிப்ளமோவோ சான்றிதழோ பெற்ற கால்நடைப் பணியாளர்கள், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், 'சிறு கால்நடை மருத்துவச் சேவைகள்' செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். தடுப்பூசி, காயடித்தல், காயத்துக்குக் கட்டுப் போடுதல் ஆகியவற்றைச் சட்டமே சொல்கிறது. அதற்கு மேல் என்னென்ன சேரலாம் என்பதை மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம். எல்லைக்கோடு வரையும் பேனா மாநிலத்திடம்தான் இருக்கிறது.

அந்தக் கோடு ஏன் முக்கியம் என்பது மாட்டுக் கொட்டகையில்தான் தெரியும். கன்று ஈன்று ஓரிரு நாளில் நல்ல கறவை மாடு ஒன்று படுத்துவிடும். காது சில்லிட்டிருக்கும், கழுத்தை மடக்கி விலாவில் சாய்த்திருக்கும், எழுப்பினால் எழாது. பால் காய்ச்சல். கால்சியம்தான் மருந்து, அது ஊரில் பலருக்கும் தெரியும். கழுத்து நரம்பில் பாட்டிலை ஏற்றும்போது ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெல்ல இறக்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. வேகமாக இறங்கினால் துடிப்பு தடுமாறும். அந்த நொடியில் நிறுத்தினால் மாடு பிழைக்கும். நிறுத்த வேண்டும் என்று தெரியாதவர் கையில் இருந்தால், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மாடு செத்துவிடும். அப்படி ஒரு மாட்டை இழந்த விவசாயியிடம், மருத்துவர் அல்லாத ஒருவரை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "நைட்டு பன்னெண்டு மணிக்கு வேற யாருங்க சார் வர்றாங்க? கூப்பிட்டா வர்றது அவருதானுங்க" என்றார். விவசாயி சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் போலி மருத்துவர்களைப் பிடியுங்கள் என்று மட்டும் கேட்பது அரைக் கோரிக்கை என்கிறேன். காலிப் பணியிடங்களை நிரப்புவதும், 1962 என்ற எண்ணில் கூப்பிடும் கால்நடை ஆம்புலன்ஸ் இரவிலும் வந்து சேர வழி செய்வதும் அதனோடு சேர்ந்தே போக வேண்டும்.

மேலே சொன்ன சிறு சேவைகளைச் செய்யும் கால்நடை ஆய்வாளர்களுக்கு எதிராக இதை எழுதவில்லை. கோமாரித் தடுப்பூசி கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்வதில் அவர்கள் உழைப்பு பெரியது. மேற்பார்வை என்பது தாளில் மட்டும் இல்லாமல் நடைமுறையிலும் இருந்தால் அது அவர்களுக்கும் பாதுகாப்பு.

பாதிப்பு மாட்டோடு நிற்பதும் இல்லை. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டால் எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று ஊசி போட்டவர் சொல்லாவிட்டால், அந்தப் பால் மறுநாளே சொசைட்டிக்குப் போகும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்னும் பாறு கழுகுகளும் சாகும்; அவை அழிவதைத் தடுக்க 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாடுகளுக்குப் போனதால்தான், 2015-இல் குப்பியின் அளவை 3 மி.லி.க்குக் குறைக்க வேண்டி வந்தது. மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளின் உயிர் இந்த ஊசிகளோடு பிணைந்திருக்கிறது.

சரி, யாரிடம் எதைக் கேட்பது? 252-ஆவது பிரிவின்படி வந்த சட்டத்தை, அதை ஏற்றுக்கொண்ட மாநிலம் தானாகத் திருத்த முடியாது. ஆகவே எம்.எல்.ஏ.விடம் போய் "சட்டத்தைத் திருத்துங்கள்" என்றால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. 30-ஆவது பிரிவின் கீழ் இப்போதுள்ள ஆணையைச் சபையில் வைக்கச் சொல்லுங்கள், சிறு சேவைகளின் பட்டியலைத் தெளிவாக வரையறுக்கச் சொல்லுங்கள், மேற்பார்வை மருத்துவர் யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இவை மாநிலத்தால் முடிகிற வேலைகள். தண்டனையைக் கடுமையாக்க வேண்டுமென்றால், நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றலாம்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் நடத்தை விதிகளை மனதில் வைக்க வேண்டும். தனிப்பட்ட முறையில் அரசியல் அழுத்தம் கொடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே தனியார் மருத்துவர்கள், ஓய்வு பெற்றவர்கள், சங்கங்கள்தான் முன்னால் போக வேண்டும். கூடவே பால் ஊற்றுகிற நாலு விவசாயிகளையும் அழைத்துப் போங்கள். நாம் பேசினால் தொழில் போட்டி என்று தோன்றும். மாட்டை இழந்தவர் பேசினால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

மானியக் கோரிக்கைக்குப் பல வாரங்கள் முன்பே ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சட்டமன்ற மனுக்கள் குழு உங்கள் மாவட்டத்துக்கு வருவதாக ஆட்சியர் அலுவலகம் அறிவித்தால் அங்கேயும் கொடுங்கள். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும்தான் இருக்கலாம். ஊதியக் கோரிக்கையை இதோடு கலக்காதீர்கள். அமைச்சர் சபையில் ஏதேனும் வாக்குறுதி தந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கென்றே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அந்தத் தேதியைச் சொல்லி, குழுவில் இதை எழுப்பும்படி உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.