35.5 திணிவில் ஒரு குளோரின் அணுகூடக் கிடையாது

நிலாவெளி உப்பளத்தில் விளைந்த உப்பை ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் எண்ணி முடிக்க முடியாத அளவு குளோரின் இருக்கிறது. ஆனால் ஆவர்த்தன அட்டவணையில் குளோரினுக்குப் போட்டிருக்கிற 35.5 என்ற திணிவோடு அதில் ஒன்றுகூட இல்லை. திருகோணமலையில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், 35.5 என்று உடனே சொல்வார்கள். அந்த அரை எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். அது பிள்ளைகளின் பிழை இல்லை, கணக்குச் செய்யத் தேவையான அளவோடு நாங்கள் நிறுத்திவிடுகிறோம்.

ஒரு அணு எந்த மூலகம் என்பதை அதன் கருவில் உள்ள புரோத்தன்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. 17 என்றால் குளோரின், 18 என்றால் ஆகன், இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. நியூத்திரன் விஷயத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. குளோரினின் கருவில் 18 நியூத்திரனும் இருக்கலாம், 20ம் இருக்கலாம். திணிவெண் 35, 37 என்று வருகிற இந்த இரண்டும்தான் சமதானிகள். இரசாயனத் தாக்கத்தை நடத்துவது இலத்திரன்கள், நடுநிலை அணுவில் அவை இரண்டிலும் 17தான், அதனால் சோடியத்தோடு சேர்ந்து உப்பாகும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும்.

இயற்கையில் 35 சுமார் 75.8 சதவீதம், 37 சுமார் 24.2 சதவீதம். நாலில் மூன்று 35, ஒன்று 37 என்று வைத்துச் சராசரி எடுத்துப் பாருங்கள், சரியாக 35.5 வரும். கொஞ்சம் நுணுக்கமாக 75.8, 24.2 என்றே போட்டால் 35.48 வருகிறது, ஆனால் அளந்த பெறுமதி 35.45. மிச்சம் எங்கே போனது? காபன் 12 அணுவின் திணிவில் பன்னிரண்டில் ஒரு பங்கை அலகாக வைத்து அளந்தால் 35 என்கிற அணுவின் உண்மையான திணிவு 34.97, மற்றதன் திணிவு 36.97. திணிவெண் என்பது துணிக்கைகளை எண்ணிச் சொல்வது மட்டும்தான். கருவுக்குள் துணிக்கைகள் இறுகச் சேரும்போது வெளியேறிய சக்திக்கு ஈடாகத் திணிவு குறைந்துவிடுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி ஈயம். சாதாரண ஈயத்தின் சார் அணுத்திணிவு, அதாவது அட்டவணையில் போடுகிற சராசரித் திணிவு, 207.2. தானாகவே சிதைகிற கதிர்த்தொழிற்பாட்டு மூலகமான தோரியத்தின் 232 என்ற சமதானி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கருவிலிருந்து ஆறு அல்பாத் துணிக்கைகளையும் (இரண்டு புரோத்தன், இரண்டு நியூத்திரன் சேர்ந்தது) நாலு பீற்றாத் துணிக்கைகளையும் (இலத்திரன்) விட்டுக் கடைசியில் ஈயம் 208 ஆகிறது. யுரேனியம் 238 போய் முடிவது ஈயம் 206இல். அப்படியென்றால் தோரியக் கல்லில் இருக்கிற ஈயம் மற்ற ஈயத்தை விடக் கனமாக இருக்க வேண்டுமே? இதைச் சோதிக்கப் பிரித்தானிய இரசாயனவியலாளர் பிரெட்ரிக் சொடி எடுத்துக்கொண்டது இலங்கையில் கிடைத்த, தோரியம் உள்ள தோரைற்றுக் கல். 1914இல் தொடங்கிய அந்த வேலையில் பிறகு கவனமாக அளந்தபோது கிடைத்தது சுமார் 207.7. அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடியிருந்தது, அதாவது அணு பிடிக்கும் இடம் மாறவில்லை, திணிவு மட்டும் மாறியிருக்கிறது. சமதானிகள் உண்மையிலேயே உண்டு என்பதற்கு எங்கள் நாட்டுக் கல் சாட்சி சொன்னது என்பதைப் பாடத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னமே, 1904இல், தோரியம் உள்ள தோரியனைற்று என்ற புதிய கனியத்தை இங்கே கண்டுபிடித்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞராகப் பெயர் எடுப்பதற்கு முன் அவர் இலங்கையின் கனிய ஆய்வை நடத்தியவர்.

தோரியத்தைத் தேடி எங்கள் மாவட்டத்தை விட்டுப் போகவும் தேவையில்லை. புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்கோன் எல்லாவற்றோடும் கொஞ்சம் மொனசைற்றும் இருக்கிறது, மொனசைற்றுக்குள் தோரியம் உண்டு. அங்கே இப்போதும் ஈயம் 208 பிறந்துகொண்டுதான் இருக்கிறது, மிக மெதுவாக. தோரியம் 232 பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும்.

எடுக்கிற இடத்தைப் பொறுத்து இப்படி மாறுவதால் சில மூலகங்களுக்குச் சர்வதேச அட்டவணையில் இப்போது ஒரு எண்ணுக்குப் பதிலாக எல்லைதான் போடுகிறார்கள். குளோரினுக்கு 35.446 முதல் 35.457 வரை, ஈயத்துக்கு 206.14 முதல் 207.94 வரை. சோதனைத்தாளில் 35.5, 207 என்றே எழுதுங்கள், அதில் பிரச்சினை இல்லை.