சங்கிலி பறிபோன பிறகு: புகாரில் விட்டுப்போகிற விஷயங்கள்

கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்த பெண்கள் என் அலுவலகத்துக்குத் தனியாக வருவது குறைவு. கணவர், மகன், அண்ணன் என்று யாராவது கூட வருவார்கள். பேசுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். "இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டுத் தனியா நடக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் சார்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். பறிபோனது தாலிச் சங்கிலி என்றால் இன்னும் மோசம். அபசகுனம் என்று ஒரு பேச்சு எழும். அவசரமாக ஒரு மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டு, அதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுவார்கள். அவள் எப்படி விழுந்தாள், எங்கே வலிக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது.

இது மனசை நோகடிக்கிற விஷயம் மட்டும் இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இந்த வழக்குகளைத் தொடர்ந்து பார்க்கிற வழக்கறிஞராகச் சொல்கிறேன்: வீட்டில் திட்டு வாங்கியவர் ஸ்டேஷனில் பாதியைத்தான் சொல்கிறார். காயத்தைச் சொல்வதில்லை. நகை இரவல் என்பதைச் சொல்வதில்லை. எடையைக் கேட்டால் தயங்குகிறார். தன் மேல்தான் தப்பு என்று நம்புகிறவர் வேறு எப்படிப் பேசுவார்? ஆனால் முதல் புகாரில் விட்டுப்போவதைப் பிறகு சேர்ப்பது மிகவும் கஷ்டம். "இது புகாரில் இல்லையே, இப்போது ஜோடித்துச் சொல்கிறீர்கள்" என்பதுதான் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

முதலில் காயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பறிப்பு என்பது 304ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அப்படி ஒரு தனிப் பிரிவு கிடையாது. இதற்குத் தண்டனை 3 ஆண்டு வரை. ஆனால் திருடும்போது, அல்லது திருடியதைக் கொண்டு ஓடும்போது, வேண்டுமென்றே காயப்படுத்தினால், காயப்படுத்த முயன்றால், உடனே காயப்படுத்திவிடுவேன் என்று மிரட்டினால் அது 309ஆம் பிரிவின் கீழ் வழிப்பறி. அதற்கு 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. சூரியன் மறைந்ததிலிருந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை போகும். காயமே ஏற்படுத்திவிட்டால் ஆயுள் தண்டனை வரைக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது.

இந்த வித்தியாசம் புகார் கொடுக்கும் நாளிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு, எஃப்.ஐ.ஆர். போடும் முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்ய போலீசுக்கு பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(3) வழி விடுகிறது. வெறும் பறிப்பு அதற்குள் வரும், வழிப்பறி வராது. அதனால் சங்கிலி இழுபட்டுக் கழுத்தில் கோடு விழுந்திருந்தாலும், ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்திருந்தாலும், முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லி ஏ.ஆர். போடச் சொல்லுங்கள். அதாவது விபத்துப் பதிவேட்டில் காயம் எழுதப்பட வேண்டும். "வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறார்கள். ஏட்டில் அப்படியே ஏறிவிடும். யார் இழுத்ததால் விழுந்தீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். காயத்தைப் போனில் படம் எடுத்தும் வையுங்கள். கழுத்துத் தழும்பு சில நாளிலேயே மறைந்துவிடும்.

அடுத்தது இரவல் நகை. கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ அக்காவின் ஆரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு போவது நம் வீடுகளில் சகஜம். அது பறிபோனால், அக்கா வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் "என் நகை" என்று புகாரில் எழுதிவிடுகிறார்கள். பில் அக்கா பெயரில் இருக்கிறது, புகார் தங்கை பெயரில் இருக்கிறது. நகை பிடிபட்டு அதைத் திரும்பக் கேட்கும்போது எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். "என் அக்காவிடம் இன்ன தேதியில் வாங்கி அணிந்திருந்தேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்தச் சிக்கலே இருக்காது. இரவல் நகை போட்டது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை.

அப்புறம் எடை. "அஞ்சு பவுன்னா பெரிய கேஸ் ஆயிடும், மூணுன்னு போடுவோமா" என்று எங்காவது யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரியான எடை தெரியவில்லை என்றால் "சுமார்" என்று சேர்த்து எழுதுங்கள். பவுனோடு கிராமையும் போடுங்கள். எடையை விட அடையாளம் முக்கியம். என்ன மாடல், தாலியில் எத்தனை குண்டு, எத்தனை காசு, எந்தப் பக்கம் அறுந்து ஆசாரியிடம் பற்று வைத்தீர்கள், கொக்கி மாற்றியதா என்று நினைவில் இருப்பதெல்லாம் எழுதுங்கள். பிற்பாடு கோர்ட்டில் அந்த நகையைக் கையில் கொடுத்து "இது உங்களுடையதுதானா, எப்படிச் சொல்கிறீர்கள்" என்று கேட்பார்கள். அன்றைக்கு அந்தப் பற்று வைத்த இடம்தான் உங்களுக்குச் சாட்சி.

அம்மாவின் கல்யாணத்தில் செய்த நகைக்குப் பில் எங்கே போவது என்று கேட்பார்கள். கல்யாண ஆல்பத்தில் கழுத்து தெளிவாகத் தெரியும் படம் இருக்கும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. அந்த நகையை எப்போதாவது வங்கியில் அடகு வைத்திருப்பீர்கள். அந்த நகைக்கடன் ரசீதில் மதிப்பீட்டாளர் பார்த்து எழுதிய எடையும் விவரமும் இருக்கும். கடன் அடைந்துவிட்டாலும் அந்த விவரத்தை வங்கியில் கேட்டு வாங்க முயலலாம். கடைகளில் 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் எச்.யூ.ஐ.டி. என்ற ஆறு இலக்கக் குறியீடு இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்தது, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் நகைகளைக் கிட்டத்தில் படம் எடுத்து, அந்தக் குறியீட்டையும் எழுதி வையுங்கள்.

ஸ்டேஷன் விஷயத்துக்கு வருகிறேன். "இது எங்க லிமிட் இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்பது பைபாஸ் ரோட்டில் நடந்த சம்பவங்களில் அடிக்கடி கேட்கிற பதில். பி.என்.எஸ்.எஸ். 173(1)இன்படி எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீது கையில் வந்ததும் வழக்கு பதிவாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. அது புகார் வந்ததற்கான ரசீதுதான். எஃப்.ஐ.ஆர். வேறு. மேலே சொன்ன 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு வருகிற குற்றங்களைத் தவிர, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

விசாரணைக்குப் பெண்களைத் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல வேண்டியதில்லை. பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் போலீசின் கடமை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

2025 மார்ச்சில் சென்னையில் ஒரே காலையில் அடுத்தடுத்துப் பல இடங்களில் சங்கிலி பறித்தவர்களை விமான நிலையத்தில் பிடித்த செய்தி நினைவிருக்கும். இப்படிப் பிடிபட்டவர்களின் முகம் டிவியிலும் வாட்ஸ்ஆப்பிலும் வந்துவிட்டால், பிறகு நடக்கும் அடையாள அணிவகுப்பின் மதிப்பு குறைந்துவிடுகிறது. சிறைக்குள் ஒரு மாஜிஸ்திரேட் முன்னிலையில், பலரை வரிசையாக நிறுத்தி, அதில் ஆளைக் காட்டச் சொல்வார்கள். முன்பே படத்தைப் பார்த்திருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஹெல்மெட் போட்டிருந்தான், முகம் தெரியவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். யாரையாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. தவறான ஆளைக் காட்டினால் ஒரு நிரபராதி உள்ளே போவான், உங்கள் வழக்கும் அங்கேயே முடிந்துவிடும்.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். நகை பிடிபட்டுவிடும். மேஜையில் பரப்பிவைத்த நகையோடு அதிகாரிகள் நிற்கும் படம் பேப்பரில் வரும். அந்தப் பெண்ணும் பார்த்து, "கிடைச்சிடுச்சு, கேஸ் முடிஞ்சதும் கொடுப்பாங்க" என்று காத்திருப்பார். வருஷக்கணக்கில் காத்திருப்பார். அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் முடக்கி வைக்கக் கூடாது, படமும் குறிப்பும் எடுத்துக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் அதற்குக் காலவரையும் வந்திருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். 497ஆம் பிரிவின்படி, பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல் தயாரித்துப் படம் எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்காமல் யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரப்போவதில்லை. 497 அல்லது 503ஆம் பிரிவில் மனு போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், நகையின் பில் அல்லது பழைய படம், அடையாள அட்டை, இவைதான் அடிப்படை. போலீசின் ஆட்சேபம் என்ன என்று கோர்ட் கேட்கும். உங்களிடம் ஒரு பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, வழக்கு முடியும் வரை விற்கவோ அழிக்கவோ உருவம் மாற்றவோ கூடாது, சாட்சி சொல்ல வரும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். ஒரு அம்மா இப்படி வாங்கிய சங்கிலியை மகள் கல்யாணத்துக்காக அழித்து நெக்லஸ் செய்யக் கிளம்பினார், நல்லவேளையாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். அப்படி அவசியம் வந்தால் கோர்ட்டில் அனுமதி கேட்டு மனு போடலாம். கேட்காமல் செய்யக் கூடாது.

சில வழக்குகளில் நகையாகக் கிடைக்காது, உருக்கிய கட்டியாகக் கிடைக்கும். ஒரே கட்டிக்கு இரண்டு மூன்று குடும்பம் உரிமை கேட்டு நிற்கும். அடகுக்கடைக்காரரும் தன் பணம் என்று மனு போடலாம். முதல் புகாரில் எடையைச் சரியாகச் சொல்லியிருந்தீர்களா என்பது அந்த நேரத்தில் உங்களுக்குப் பெரிதாகத் தெரியும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்பதால் இந்த மனுவையே போடாதவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வகை செய்கிறது. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அதே அலுவலகத்தில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்துக்கும் மனு கொடுக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் உயிரிழப்பு, உடல் காயம், பாலியல் வன்முறை போன்றவற்றுக்கானது. போன நகைக்கு அங்கே பணம் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். பைக்கிலிருந்து விழுந்து பலத்த காயம்பட்டவர்கள் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

பறித்தவனின் வீட்டார் தேடி வருவதும் நடக்கும். அவன் அம்மா வாசலில் உட்கார்ந்து அழுவார், "சின்னப் பையன், வாழ்க்கை போயிடும், ஆள் தெரியலைன்னு சொல்லிடும்மா" என்று. சில நேரம் அது அழுகையாக இல்லாமல் மிரட்டலாக இருக்கும். இரக்கப்படுவது உங்கள் இஷ்டம். ஆனால் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு மாற்றிச் சொன்னால் அரசுத் தரப்பு உங்களைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கும், பொய்சாட்சி சொன்னதாக உங்கள் மேலேயே நடவடிக்கை வரவும் வாய்ப்பு இருக்கிறது. மிரட்டல் வந்தால் தேதியோடு எழுதிப் புலனாய்வு அதிகாரியிடமும் கோர்ட்டிலும் கொடுங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்கவும் வழி உண்டு.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சம்பவத்துக்குப் பிறகு பின்னால் பைக் சத்தம் கேட்டாலே கழுத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பால் வாங்கப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கிண்டல் செய்யாதீர்கள். கொஞ்ச நாள் கூட நடந்து போய்வாருங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

குற்றவாளி பிடிபடவே இல்லை என்றால், ஒருநாள் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் ஒன்று வரும். கண்டுபிடிக்க முடியவில்லை, வழக்கை முடிக்கிறோம் என்று அதில் இருக்கும். பலர் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். உங்கள் ஆட்சேபத்தைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்பது பகவந்த் சிங் வழக்கில் 1985இலேயே முடிவான சட்டம். பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவை வாங்கவில்லை, நேரில் பார்த்தவரை விசாரிக்கவில்லை என்பது போல ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதைக் குறிப்பிட்டு எதிர்ப்பு மனு கொடுங்கள். மேல் விசாரணைக்கு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆட்சேபம் இல்லை என்று முடிவு செய்தாலும் அந்த நோட்டீஸின் நகலையும் இறுதி அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள். நகைக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.