உப்பு கூடுனதுக்கு அப்புறம் எந்த ஆஸ்பத்திரியா இருந்தா என்ன

மதுரைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில டயாலிசிஸ் டெக்னீஷியனா இருக்கேன். எங்க யூனிட்ல தினமும் ஒரு பட்டிமன்றம் நடக்கும், பெரியாஸ்பத்திரி நல்லதா பிரைவேட் நல்லதான்னு. நாலு மணி நேரம் மெஷின்ல கெடக்குறவங்க வேற என்னத்த பேசுவாங்க, பாவம்.

போன மாசம் மேலூர் பக்கம் இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, அம்பது வயசு கூட இருக்காது, கழுத்துல டியூப் போட்டு மொத டயாலிசிஸ். பேச்சு குடுத்தா, "ஆறு வருசம் முன்னாடியே எங்கூரு சுகாதார நிலையத்துல பிரஷர்னு சொல்லி மாத்திரை குடுத்தாக தம்பி, சும்மா குடுக்குறது என்னத்த கேக்கப் போவுதுன்னு ரெண்டு மாசத்துல விட்டுட்டேன், தலைசுத்தல் கூட இல்லையே"ங்குறாரு. அதான் வினையே, பிரஷர் வலிக்காது, கிட்னியும் கடைசி வரைக்கும் வலிக்காது. முட்டிவலிக்கு மட்டும் மெடிக்கல்ல கேட்டு வலிமாத்திரை வருசக்கணக்கா போட்டுருக்காரு, அதுவும் கிட்னிக்கு ஆகாது. இப்ப அக்கா செயின் அடகுல இருக்கு.

அம்லோடிபின்ங்குற பிரஷர் மாத்திரை பெரியாஸ்பத்திரிலயும் பிரைவேட்லயும் அதே அம்லோடிபின்தாங்க, அட்டைல பேரு மட்டும்தான் வேற. 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்ங்குற அரசுத் திட்டத்துல வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குறாங்க, அதையும் வாங்கி டிவி மேல வெச்சுர்றோம். அரசு ஆஸ்பத்திரில கூட்டம், காத்துக் கெடக்கணும், அவசரத்துக்கு நானே பிரைவேட்டுக்குத்தான் ஓடுவேன், அத மறைக்கல. ஆனா மாசா மாசம் பிரஷர் பாத்து மாத்திரை வாங்குறதுக்கு எதுக்குங்க ஏசி ரூம்? நாப்பது டெஸ்ட் பேக்கேஜும் வேணாம், பிரஷரோ சுகரோ இருந்தா வருசம் ஒருக்கா ரத்தத்துல கிரியாட்டினினோட (நாம உப்பு கூடிருச்சுன்னு சொல்றது இதத்தான்) சேத்து யூரின்ல புரதம் போகுதான்னு பாருங்க, கிட்னி பாதி போற வரைக்கும் கூட கிரியாட்டினின் நார்மலா காட்டலாம், யூரின் முன்னாடியே காட்டிக் குடுத்துரும்.

அண்ணனுக்கு காப்பீட்டு அட்டை எடுக்க அலையிறது அவரு மகன்தான், இருபத்தி நாலு வயசு. சும்மா ஒக்காந்திருந்த பயலுக்கு பிரஷர் வெச்சுப் பாத்தேன், 150/96, அஞ்சு நிமிசம் கழிச்சும் அதேதான். ஒரு நாள் பாத்து முடிவு பண்ணக்கூடாதுதான், ஊர்ல போயி இன்னும் ரெண்டு தடவ பாருடான்னேன். சிரிச்சுட்டு, "எனக்கென்னண்ணே, நல்லாத்தான இருக்கேன்"ங்குறான். செவ்வாக்கிழம அப்பாவ கூட்டிட்டு வருவான்ல, வரட்டும்.