கத்தினால் பனிச்சரிவு வருமா?

"பனிமலையில் யாராவது உரக்கக் கத்தினால் பனிச்சரிவு வந்துவிடுமாமே, உண்மையா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வராது. காதருகே ஒருவர் தொண்டை கிழியக் கத்தினால் காற்றில் உண்டாகும் அழுத்த மாற்றம் சுமார் 2 பாஸ்கல். ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டி நிற்கும் 80 கிலோ ஆள் காலடிப் பனியின்மேல் தரும் அழுத்தம் சுமார் 2,000 பாஸ்கல். ஆயிரம் மடங்கு. வாயைவிடக் காலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்தக் கணக்குத் தெரிந்திருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரின் குல்மார்க்கில் ஒரு முழுப் பகலும் நான் கிசுகிசுத்துக்கொண்டுதான் நடந்தேன். உடன் வந்த மூன்று நண்பர்களில் ஒருவர், யார் தும்மினாலும் உதட்டில் விரலை வைத்து முறைத்தார். அஃபர்வாட் மலைத்தோளில் 3,900 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் கேபிள் கார் இறக்கிவிடும். அங்கிருந்து வேலியிட்ட சறுக்குத்தடங்களை விட்டு விலகி, யாரும் சீர்செய்யாத சரிவுகளை நோக்கி நடந்தோம். ஸ்கீயைக் கட்டிக்கொண்டு மேட்டில் எப்படி ஏறுவது? அடியில் ஒரு முடிப்பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். முடி பின்பக்கம் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. பூனையின் முதுகைத் தடவிப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

ஒரு சமதரையைக் கடக்கும்போதுதான் அது கேட்டது. "வும்ப்!" காலுக்கடியில் பனி ஒரு நூலளவு இறங்கியது. சத்தம் எங்களைத் தாண்டி ஓடி மறைந்தது. காஷ்மீரி வழிகாட்டி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். விரலை உதட்டில் வைக்கும் நண்பர் என்னைத்தான் முறைத்தார்.

அந்த "வும்ப்" எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம். குளிர்காலத் தொடக்கத்தில் அரை மீட்டர் பனி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பனி நல்ல கம்பளி. அதன் அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரியிலேயே இருக்கும். காஷ்மீரிகள் சில்லை கலான் என்று அழைக்கும் 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்குகிறது. மேகமில்லாத இரவுகளில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 15 வரை போகலாம். கீழே 0, மேலே மைனஸ் 15, நடுவே அரை மீட்டர்தான்.

பனிக்கட்டியிலிருந்தும் நீராவி கிளம்பும். 0 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் 611 பாஸ்கல், மைனஸ் 15-இல் 165 மட்டுமே. அதனால் ஆவி கீழிருந்து மேலே தள்ளப்படுகிறது. ஆனால் ஒரே மூச்சில் போவதில்லை. ஒரு பனித்துகளின் தலையிலிருந்து கிளம்பி, சற்றே குளிர்ந்த அடுத்த துகளின் வயிற்றில் படிகிறது. அந்தத் துகளின் தலையிலிருந்து வேறு ஆவி கிளம்பி அதற்கு மேலுள்ளதின் வயிற்றில் படிகிறது. கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். இரண்டு மூன்று வாரம் இப்படி நடந்தால் பழைய துகள்கள் கரைந்து, பட்டை தீட்டினாற்போன்ற முகங்களும் கிண்ண வடிவமும் கொண்ட புதிய படிகங்கள் வளர்ந்துவிடுகின்றன. கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரை போல உதிரும், உருண்டை பிடிக்கவே வராது. அழகான பொருள், ஆனால் ஒன்றோடொன்று சில புள்ளிகளில் மட்டுமே தொட்டு நிற்பது. இதை நொய்யடுக்கு என்று அழைக்கிறேன்.

பிறகு ஒரு புயல் வந்து, காற்றடித்து இறுகிய பனியை அதன்மேல் பாளமாகப் போர்த்துகிறது. நாம் மிதிக்கும் இடத்தில் நொய்யடுக்கு நொறுங்கிச் சில மில்லிமீட்டர் இறங்குகிறது. மேலிருக்கும் பாளம் அங்கே வளைகிறது. வளைந்த பாளம் பக்கத்துப் படிகங்களை அழுத்த, அவையும் நொறுங்குகின்றன. அதன் சத்தம்தான் அந்த "வும்ப்". சமதரையில் இந்த அலை நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடியதாக அளந்திருக்கிறார்கள்.

சமதரையில் எப்படி? பனிப்பாளம் சரிவில் வழுக்க முயல்வதால்தான் விரிசல் ஓடுகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். அப்படியென்றால் வழுக்க இடமில்லாத தரையில் ஓடக் கூடாது. 2008-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதை எதிர்விரிசல் என்று விளக்கியது. சாதாரண விரிசலில் இரு முகங்களும் விலகும், இதில் நெருங்கும். பாளத்தின் எடையே அதை ஓட்டிச் செல்லும், சரிவு வேண்டியதில்லை. அதனால்தான் பள்ளத்தாக்கின் தரையில் நிற்கும் ஒருவர், தலைக்கு மேலுள்ள சரிவை அவிழ்த்துவிட முடிகிறது. ஓடிய அலை சுமார் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவை எட்டினால், உராய்வால் பாளத்தைப் பிடித்துவைக்க முடிவதில்லை.

வழிகாட்டி மண்வெட்டியால் 90 செ.மீ. அகலமும் 30 செ.மீ. தடிமனும் உள்ள பனித்தூணை வெட்டினார். அதன் ஓரத்தில் மண்வெட்டித் தகட்டை வைத்து மணிக்கட்டால் பத்துத் தட்டு, முழங்கையால் பத்து, தோளிலிருந்து பத்து. இதுதான் சோதனை: விரிசல் முழு அகலத்துக்கும் ஓடினால் ஆபத்து. எங்கள் தூண் பதிமூன்றாவது தட்டிலேயே முழு அகலத்துக்கும் அறுந்து விழுந்தது.

கருவி என்று பார்த்தால் மண்வெட்டி, வெப்பமானி, பயிற்சி பெற்ற ஓர் ஆள். நம் நாட்டில் பனிச்சரிவு ஆய்வுக்கென்றே 1969-இல் மணாலியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. 2020-இல் அதை வேறொன்றோடு இணைத்துவிட்டார்கள். செயற்கைக்கோள் படங்களுக்குச் செலவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நொய்யடுக்கைக் கண்டுபிடிக்க இன்னமும் யாராவது குழி தோண்டித்தான் ஆக வேண்டும், அந்த ஆட்களுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் வேண்டும். 2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வாட்டில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

திரும்பிவிடுவோம் என்றார் வழிகாட்டி. எதிர்ச்சரிவில் நாலைந்து பேர் சறுக்கிப் போன தடம் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் போகவில்லையா என்று நண்பர் வாதாடினார். பாளம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. ஒரு மீட்டர் தடிமனுள்ள இடத்தில் நம் எடை பரவிக் கரைந்துவிடும். பாறை ஓரத்தில் 30 செ.மீ. மட்டுமே இருக்கும் இடத்தில் நேராக நொய்யடுக்கைத் தொடும். ஐந்து பேர் அந்த இடத்தை மிதிக்காமல் போயிருக்கலாம், ஆறாவது ஆள் மிதிக்கலாம். வழிகாட்டி அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் தலைநீட்டிய பாறையைச் சுட்டிக்காட்டியதோடு சரி.

சரிவு குறைந்த மரக்காட்டு வழியாக இறங்கினோம். அடிவாரத்தில் உப்புத் தேநீர் குடிக்கும்போதும் நண்பர் கிசுகிசுத்துக்கொண்டுதான் இருந்தார்.