பழைய நூலை ஸ்கேன் செய்தவர் அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை

முனைவர் பட்ட மாணவி ஒருவர் சென்ற வாரம் என் மேசையில் விரித்து வைத்த அச்சுப்படியைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றின் ஒரு பக்கம் அது. அதை வழங்கிய நிறுவனம் தன் பெயரைப் பக்கத்தின் குறுக்கே வாட்டர்மார்க்காகப் பொறித்திருந்தது. அந்தத் தடித்த எழுத்துகள் அடிக்குறிப்பின் மேல் விழுந்து, அவருக்குத் தேவைப்பட்ட பிரதிபேதங்களை, அதாவது சுவடிக்குச் சுவடி மாறுபடும் பாடங்களை, மறைத்துவிட்டன. போதாக்குறைக்கு, முன் அனுமதியின்றி எங்கும் வெளியிடமாட்டேன் என்று உறுதிமொழிக் கடிதமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் வரைதான் இந்தியச் சட்டம் பதிப்புரிமை தருகிறது. ஐயர் மறைந்தது 1942இல். 2003 பிறந்தபோதே அவர் காலத்துப் பதிப்புகள் அனைவருக்கும் பொதுவாகிவிட்டன.

“நூல் பொதுவாக இருக்கலாம், ஸ்கேன் எங்களுடையதல்லவா?” என்று கேட்கிறார்கள். இருபது ஆண்டுகளாக மின்னுருவாக்கப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொட்டால் உதிரும் தாளை நூலின் முதுகு ஒடியாமல் விரித்து, விளக்கொளியைச் சீராக்கி, 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) நுணுக்கத்தில் படமெடுப்பது கடும் உழைப்பு, அதற்குச் செலவும் உண்டு. ஆனால் அந்த உழைப்பின் நோக்கமே மூலத்தில் உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான். நம்முடையது என்று சொல்ல அதில் ஏதேனும் சேர்ந்திருந்தால், அது பிழையான ஸ்கேன். தீர்ப்புகளைச் செம்மைப்படுத்தி வெளியிடுவது தொடர்பான வழக்கில், உழைப்பும் முதலீடும் மட்டுமே பதிப்புரிமைக்குப் போதா, சிறிதளவேனும் படைப்பாற்றல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. படியெடுக்கும் செலவுக்குக் கட்டணம் வாங்குங்கள், அது நியாயம், உரிமை கொண்டாடாதீர்கள்.

“இந்த ஆசிரியரின் நூல்கள் நாட்டுடைமை ஆகவில்லையே” என்பது அடுத்த தடை. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை அளித்து உரிமையை அரசு பெறும் ஏற்பாடு அது. காலம் முடிந்த நூலுக்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை எந்த நிபந்தனையுமின்றித் திறந்துவிட்டது. படிகள் பரவுவது பாதுகாப்பும்கூட. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சேர்ந்தே சாம்பலாயின.

ஆகவே நூலகப் பொறுப்பாளர்களே, ஆசிரியர் மறைந்த ஆண்டை அட்டவணையில் கட்டாயம் பதியுங்கள். பிற்காலப் பதிப்பாசிரியரின் முன்னுரைக்கும் குறிப்புரைக்கும் தனி உரிமை இருக்கலாம், அதைப் பிரித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்யும் நிறுவனத்துக்கு மட்டுமே உரிமை தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் நூலகத்தின் பெயர் தெரிய வேண்டுமானால் கோப்பின் விவரக் குறிப்பில் எழுதுங்கள். பக்கத்தின் மேல் தயவுசெய்து எதையும் பொறிக்காதீர்கள்.

அந்த மாணவிக்கு எங்களிடமுள்ள பிரதியிலிருந்து அதே பக்கத்தை அன்று மாலையே படமெடுத்து அனுப்பினேன். வாட்டர்மார்க் மறைத்திருந்த இடத்தில் இரண்டு பிரதிபேதங்கள் இருந்தன.