ஸ்லைடில் தெரியும் மலேரியா, தெரியாத மலேரியா

மலேரியா சந்தேகம் என்றால் ஒரே ரத்தத்தை லேபில் இரண்டு விதமாகத் தடவுவார்கள். சின்ன வட்டமாகத் தடிமனாக வைப்பது திக் ஸ்மியர். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மெல்லிசாக இழுப்பது தின் ஸ்மியர். தின் ஸ்மியரை மெத்தனாலில் நனைப்பதால் சிவப்பணுக்கள் உருக்குலையாமல் நிற்கும். திக் ஸ்மியருக்கு மெத்தனால் ஆகாது. சாயக் கரைசலின் நீர் பட்டு சிவப்பணுக்கள் உடைந்து, நிறம் கழுவிப் போக வேண்டும். அப்போதுதான் அத்தனை அடுக்கு ரத்தத்திலும் ஒளி ஊடுருவும், கொஞ்சமாக இருக்கும் ஒட்டுண்ணியும் மாட்டும். கிருமி இருக்கிறதா என்று திக் ஸ்மியர் சொல்லும். எந்த வகை என்று சொல்ல தின் ஸ்மியர் வேண்டும்.

ஜீம்சா சாயத்தில் ஒட்டுண்ணியின் உட்கரு சிவப்பாகவும் சைட்டோபிளாசம் நீலமாகவும் ஏறும். (சாயம் எதுவும் இல்லாமலே 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டீனில் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் இந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார் என்பது இன்றும் மலைப்பாக இருக்கிறது.) எண்ணெய் விட்டு 1000 மடங்கு பெருக்கத்தில் பார்க்க வேண்டும்.

மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் ஒன்றான வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களைத்தான் பிடிக்கும். அது புகுந்த செல் பெருத்துவிடும், மேலே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தூவியிருக்கும். வளையம் போன்ற இளம் நிலை, வளர்ந்த நிலை, பிளவுறும் நிலை என ஒட்டுண்ணியின் எல்லா நிலைகளுமே ஸ்லைடில் கிடைக்கும்.

இன்னொரு வகையான ஃபால்சிபாரம் அப்படியல்ல. அது புகுந்த செல் பெரிதாகாது. மெல்லிய வளையங்கள், சில சமயம் ஒரே செல்லில் இரண்டு மூன்று; கூடவே வாழைப்பழ வடிவப் பாலணுக்கள் (ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள்). நடுவில் உள்ள நிலைகள் பெரும்பாலும் கண்ணிலேயே படாது. 48 மணி நேரச் சுழற்சியின் பிற்பாதியில், ஒட்டுண்ணி உள்ள சிவப்பணு நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சுற்றிக்கொண்டிருந்தால் மண்ணீரல் வடிகட்டிவிடுமே! மூளையின் குழாய்களில் இப்படி அடைத்துக்கொள்வதுதான் மூளை மலேரியாவின் அடிப்படை.

ஆகவே விரல் நுனி ரத்தத்தில் எண்ணிச் சொல்லும் கணக்கு, உடலில் உள்ள மொத்தத்தைவிடக் குறைவாக இருக்கலாம். பிளவுறும் நிலை அபூர்வமாக ஸ்லைடில் தென்பட்டால் மருத்துவர் உஷாராகிவிடுவார், நோய் முற்றியதற்கான அறிகுறி அது.

சிவப்பணு மேல் உட்கார்ந்த தட்டணுவும், சாயத் துகளும் ஒட்டுண்ணி போலவே ஏமாற்றும். திக் ஸ்மியரில் குறைந்தது 100 புலங்களாவது (நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்க்காமல் 'நெகட்டிவ்' எழுதக்கூடாது. எழுதியும் காய்ச்சல் விடவில்லையா? 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். ஒளிந்திருந்தவை அதற்குள் வெடித்து, புது வளையங்கள் வெளியே வந்திருக்கக்கூடும்.